பெரியப்பாவின் கத்தரிக்கோல்

அன்புள்ள செந்திலுக்கு,

2014 ஆகஸ்டில் நீ பாஸ்டனில் ஒரு வாளி ஐஸ் தண்ணீரைத் தலையில் கொட்டிக்கொண்டு, "அடுத்தது அப்பா, 24 மணி நேரம் கெடு, இல்லாவிட்டால் 100 டாலர்" என்று காணொளி அனுப்பினாய். இங்கே உன் அம்மா குடத்தோடு லாரித் தண்ணீருக்குக் காத்து நின்றாள். "படிக்கப் போனவனுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டதா?" என்று போனில் கத்தினேன். நான் தண்ணீரும் ஊற்றவில்லை, பணமும் கட்டவில்லை.

போன வாரம் பரணில் பெரியப்பாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். துணி வெட்டும் கத்தரிக்கோலுக்கு அடியில் 1994ஆம் வருடத்து ஆஸ்பத்திரிச் சீட்டு. அதில் மூன்றே எழுத்து: எம்.என்.டி. மருந்துக்கடைத் தம்பியிடம் காட்டினேன். "அமெரிக்காவில் ஏ.எல்.எஸ். என்கிறார்களே, ஐஸ் வாளி ஊற்றினார்களே, அந்த நோய்தான் சார்" என்றான். அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

நீ அப்போது கைக்குழந்தை. கடைத்தெருவில் பெரியப்பாவைப் போலக் காலர் தைக்க ஆள் கிடையாது. முதலில் கத்தரிக்கோல் கை நழுவியது. பிறகு தன் சட்டைக்கே பித்தான் போட முடியவில்லை. அப்புறம் நடை, பேச்சு, கடைசியில் கஞ்சியை விழுங்குவதுகூட. தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் செத்துக்கொண்டே போகுமாம். பெரியப்பாவுக்குப் புத்தி மட்டும் கடைசிவரை தெளிவு. கல்லாப் பணத்தை நான் தப்பாக எண்ணினால் கண்ணாலேயே முறைப்பார். நாங்கள் எண்ணெய் தடவினோம், மந்திரித்தோம்.

உன் வாளியின் கதையை இப்போதுதான் படித்தேன். இந்த நோய்க்கு நிதி திரட்டத்தான் அந்தச் சவாலாம்: தலையில் ஐஸ் தண்ணீர் ஊற்று, இல்லாவிட்டால் பணம் கொடு. அதைப் பரப்பியவர்களில் ஒருவர் உங்கள் பாஸ்டன் பக்கத்து பேஸ்பால் ஆட்டக்காரர் பீட் ஃப்ரேட்ஸ்; 27 வயதில் நோய் தெரிந்து, 34 வயதில் போய்விட்டார். அந்தக் கோடையில் ஏ.எல்.எஸ். சங்கத்துக்கு 11 கோடி டாலருக்கு மேல் சேர்ந்ததாம். 2016இல் நெக்1 என்ற மரபணுவுக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பைக் கண்டறிந்த ஆய்வுக்கு அதில் ஒரு பங்கு போயிருக்கிறது. குணமாக்கும் மருந்து இன்னும் வரவில்லை. தண்ணீரைக் கீழே கொட்டியது தப்புதான், அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் திட்டியது என் தப்பு. கெடு தாண்டிய அந்த 100 டாலரை எடுத்து வைத்திருக்கிறேன். எப்படி அனுப்புவது என்று சொல்.

இன்னொன்று. எதிர்வீட்டார் செய்வினை வைத்துத்தான் பெரியப்பாவுக்கு அப்படி ஆனது என்று பெரியம்மா இன்றும் நம்புகிறார். முப்பது வருடமாக அந்த வீட்டோடு பேச்சில்லை. சீட்டைக் காட்டினேன், "டாக்டருக்கு என்ன தெரியும்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். நீ சொன்னால் கேட்பார். பொங்கலுக்கு வரும்போது அந்தக் காணொளியைக் கொண்டுவா.

அன்புடன்,
அப்பா