ஆங்லிருவில் அவர்கள் நின்றிருக்கலாம்

அன்புள்ள பாப்பா,

ஞாயிற்றுக்கிழமை போனில் பேசிக்கொண்டிருக்கும்போதே பேரன் அழ, நீ "அப்புறம் கூப்பிடுறேம்மா" என்று வைத்துவிட்டாய். நான் சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிட்டது. ஸ்பெயினின் மூன்று வார சைக்கிள் பந்தயமான வுவெல்டாவில், வெள்ளிக்கிழமை ஆங்லிரு மலையில் அல்மெய்டா ஜெயித்ததைப் பற்றித்தான் பேச ஆரம்பித்தோம். விங்கேகார்டு கடைசி வரை அவர் பின்சக்கரத்தை விடாமல் ஒட்டிக்கொண்டே வந்தார், ஆனால் தாண்ட முடியவில்லை என்று நீ சொன்னாய். அதிலிருந்து எப்படியோ 2023-க்குப் போய்விட்டோம். "குஸ்ஸுக்கு அந்த வுவெல்டா கிஃப்ட்டும்மா, நீ ஒத்துக்கவே மாட்டேங்கிற" என்றாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம். போனில் நீ வேகமாகப் பேசுவாய், எனக்கு யோசித்துச் சொல்ல நேரம் வேண்டும்.

அந்த நாள் உனக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கிறதோ தெரியாது, நீ அப்போது தூக்கமே இல்லாமல் கிடந்தாய். 2023 செப்டம்பர் 13. நெதர்லாந்தில், ஐந்தோவனில் உங்கள் வீட்டு சோபா, பேரனுக்கு இருபத்திரண்டு நாள். குளிப்பாட்டிச் சாம்பிராணி போட முடியாதே என்ற குறையோடு துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்தேன். மாப்பிள்ளை டிவியைப் போட்டார். பிள்ளைத்தாய்ச்சிக்குத் துணையாக வந்த எனக்கு இந்தப் பந்தயம் பழகி அப்போது மூன்று வாரம்கூட ஆகியிருக்காது. நாம் தயிர் வாங்கும் ஜம்போ கடையின் பெயர் ஓட்டுபவர் சட்டையிலும் இருக்கிறதே என்று கேட்டேன். அந்தக் கடைதான் பணம் போடுகிறது, இது இந்த ஊர்க்காரர்களின் டீம் என்று அவர் சொன்னார். அப்படித்தான் ஜம்போ-விஸ்மா எனக்கு நம்ம டீம் ஆனது.

அந்த டீமில் மூன்று பேர். ரோக்லிச், அதற்குள் மூன்று முறை வுவெல்டா ஜெயித்தவர், அந்த வருடம் மே மாதம் இத்தாலியின் மூன்று வாரப் பந்தயமான ஜிரோவையும் ஜெயித்திருந்தார். விங்கேகார்டு, அந்த ஜூலையில்தான் இரண்டாவது முறையாக டூர் டி பிரான்ஸ் ஜெயித்தவர். மூன்றாவது செப் குஸ். கொலராடோவில் டுராங்கோ என்ற ஊர்ப் பையன். அவன் வேலையே மற்ற இருவரையும் மலை ஏற்றிவிடுவதுதான். முன்னால் போய் வேகம் பிடித்துக் கொடுத்து, எதிரிகளை மூச்சு வாங்க வைத்து, தன் கால் செத்துப்போனதும் ஓரமாக ஒதுங்கிக்கொள்வது. பிரெஞ்சில் இந்த வேலைக்கு வைத்திருக்கும் பெயருக்கு வீட்டு வேலைக்காரர் என்று அர்த்தமாம், மாப்பிள்ளை சொன்னபோது எனக்குச் சுருக்கென்றது. அந்த வருடம் ஜிரோவில் ரோக்லிச்சுக்காகவும் டூரில் விங்கேகார்டுக்காகவும் இப்படி ஓட்டிவிட்டு, மூன்றாவதாக வுவெல்டாவுக்கும் வந்திருந்தான். மூன்று வாரப் பந்தயம் மூன்று, ஒரே வருடத்தில்.

ஆறாவது நாள் ஹவாலம்ப்ரே வானாய்வகம் இருக்கிற மலைக்கு ஏற்றம். முன்னால் பிரிந்து போன பெரிய கூட்டத்தில் குஸ் இருந்தான், தனியாகப் போய் ஜெயித்தான், பின்னால் இருந்த பெரிய பெயர்களையெல்லாம் சில நிமிடம் முந்தினான். எட்டாவது நாள், மொத்த நேரக் கணக்கில் முதலில் இருப்பவர் போடும் சிவப்பு ஜெர்சி அவன் மேல் வந்தது. நீ சொல்லும் கிஃப்ட் இங்கேதான் ஆரம்பிக்கிறது, இல்லையா? அவனை யாரும் ஆபத்தாக நினைக்கவில்லை, அதனால் விட்டுவிட்டார்கள் என்கிறாய். சரி, விட்டார்கள். ஆனால் அதற்குப் பிறகு டூர்மலே மலையில் எவெனெபூல் போன்ற பெரிய ஆள் ஒரே நாளில் 27 நிமிடம் இழந்தாரே, அன்று இரண்டாவதாக வந்தது யார்? குஸ்தான். முதலில் விங்கேகார்டு, மூன்றாவது ரோக்லிச். விட்டுக்கொடுத்து வாங்கின ஜெர்சியோடு ஒருவனால் டூர்மலேயில் இரண்டாவது வர முடியாது கண்ணு.

அப்புறம் பதினேழாவது நாள், ஆங்லிரு. அஸ்துரியாஸில் இருக்கிற இந்த மலை பன்னிரண்டரை கிலோமீட்டர் ஏற்றம், சராசரி 10 சதவீதம் என்று எண்ணைச் சொன்னால் ஒன்றும் புரியாது. முதல் பாதி பரவாயில்லை, இரண்டாவது பாதிதான் மலை. குவேன்யா லெஸ் காப்ரெஸ் என்ற இடத்தில் 23 சதவீதத்துக்கும் மேல், அதாவது நூறு அடி போனால் இருபத்து மூன்று அடி உயரம். அந்தப் பெயரிலேயே ஆடு இருக்கிறது, ஆடு ஏறுகிற இடம்தான் அது. 2002-ல் மழையில் இங்கே மூன்று முறை விழுந்த டேவிட் மில்லர், முடிவுக் கோட்டுக்கு ஒரு எட்டு முன்னால் நின்று நம்பரைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அவ்வளவு தூரம் ஏறி வந்தவர் கோட்டை மட்டும் தாண்டவில்லை.

அன்று காலையில் குஸ் விங்கேகார்டைவிட 29 விநாடி முன்னால் இருந்தான், ரோக்லிச்சைவிட ஒரு நிமிடம் 33 விநாடி. இன்னொன்று, அன்று அவன் பிறந்த நாள். 29 வயது. கடைசி இரண்டு கிலோமீட்டர் சுமாருக்கு ரோக்லிச் வேகம் கூட்டினார், விங்கேகார்டு அவர் பின்னால் போனார், குஸ்ஸால் முடியவில்லை. நான் பேரனைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து நின்றுவிட்டேன். "ஏன், ஏன் போறாங்க, அந்தப் பையன் பின்னாடி நிக்கிறான்ல" என்று கேட்டேன். நீ கண்ணைத் திறக்காமலே சொன்னாய்: "ரேஸும்மா, போகத்தான் செய்வாங்க."

அடுத்த பத்து நிமிடம்தான் நான் இன்றைக்கும் நினைத்துப் பார்ப்பது. குஸ்ஸுக்கு முன்னால் மிகெல் லாண்டா போய்க்கொண்டிருந்தார். வேறு டீம், பாஸ்க் நாட்டுக்காரர். குஸ் அவர் பின்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டான். மணிக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் ஊர்ந்து ஏறும்போது முன்னால் இருப்பவர் காற்றை மறைத்துப் பெரிதாக ஒன்றும் லாபம் இல்லை, அது சமதரையில்தான். ஆனால் பார்க்க ஒரு சக்கரம் இருக்கிறது. அது நகர்ந்தால் நாமும் நகர வேண்டும், அவ்வளவுதான். அவன் தலை தூக்கவே இல்லை, லாண்டாவின் பின்சக்கரத்தையே பார்த்துக்கொண்டு, வாய் திறந்து, தோள் இரண்டும் ஆடி ஆடி வந்தான். கோட்டுக்குப் பக்கத்தில் லாண்டாவை முந்தி மூன்றாவது வந்தான், அதற்கு மொத்த நேரத்தில் நான்கு விநாடி கழிவு, போனஸாகக் கிடைத்தது; இரண்டாவது வந்த விங்கேகார்டுக்கு ஆறு. முன்னால் போன இருவருக்கு 19 விநாடி பின்னால். கணக்குப் போட்டால் விங்கேகார்டைவிட எட்டே எட்டு விநாடி மிச்சம். அந்த நான்கு விநாடியை அவன் விட்டிருந்தால் எட்டு நான்காகியிருக்கும். சொந்த டீம்காரர்கள் மேலே போய்க்கொண்டிருந்தபோது அவனுக்குத் துணை வேறு டீம்காரர்.

இப்போது உன் கட்சிக்கு வருகிறேன், அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஜெர்சி யாருக்கும் சொந்தம் இல்லை, மலையில் யார் பலமானவரோ அவருக்குத்தான் என்றாய். நின்று காத்திருந்தால் குஸ்ஸின் வெற்றிக்கே களங்கம் என்றாய். இரண்டாவது பேச்சு எனக்குப் பல நாள் உறுத்தியது. ஆனால் நடந்தது என்ன? அடுத்த நாளே லா குரூஸ் தே லினாரெஸ் ஏற்றத்தில் அந்த இருவரும் குஸ்ஸுக்காக ஓட்டினார்கள். எட்டு விநாடி பதினேழு ஆனது. மாட்ரிட்டில் முடியும்போதும் அதே பதினேழு, ரோக்லிச் ஒரு நிமிடம் எட்டு. ஆக, விட்டுக்கொடுக்கிறது என்று முடிவு செய்தபின் விட்டுக்கொடுத்தார்கள்தானே. பதினெட்டாவது நாள் செய்ய முடிந்ததைப் பதினேழாவது நாள் ஏன் செய்யவில்லை என்பதுதான் என் கேள்வி. முதல் மூன்று இடமும் அவர்களுடையது, வெளியாள் யாரும் எட்டும் தூரத்தில் இல்லை. அந்த 19 விநாடியால் டீமுக்கு ஒரு காசு லாபம் இல்லை. ஒரு பையனின் பிறந்த நாள் மட்டும் கெட்டது.

நீ 2011 கதையையும் எடுத்தாய். அதே ஆங்லிரு, விக்கின்ஸ் சிவப்பு ஜெர்சியில், ஃப்ரூம் அவருக்காக உழைத்துக்கொண்டு மேலே போகாமல் இருக்க, கோபோ தனியாகப் போய்ப் பந்தயத்தையே ஜெயித்துவிட்டார். கடைசியில் ஃப்ரூம் தோற்றது 13 விநாடியில். 2019-ல் கோபோவின் ஊக்கமருந்து நிரூபணமாகிப் பட்டம் ஃப்ரூமுக்கு வந்தது, எட்டு வருடம் கழித்து. காத்திருந்தவனுக்குக் கிடைத்தது இதுதான் என்றாய். நல்ல உதாரணம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அங்கே வெளியாள் ஒருவர் ஓடிப்போனார். இங்கே ஓடியது வீட்டு ஆட்கள். இரண்டும் ஒன்றல்ல.

நீ மறந்துவிட்ட ஒன்றை நான் சொல்கிறேன். 2020-ல் இதே மலையில் ரோக்லிச்சுக்குக் கால் வரவில்லை. எதிர் டீம் காரபாஸும் மற்றவர்களும் மேலே போய்விட்டார்கள். அன்று ரோக்லிச்சுக்கு முன்னால் நின்று வேகம் பிடித்துக் கொடுத்து மேலே கூட்டி வந்தது குஸ்தான். அன்று ஜெர்சி காரபாஸிடம் போனாலும், வித்தியாசம் பத்து விநாடியோடு நின்றது, கடைசியில் ரோக்லிச் 24 விநாடியில் அந்த வுவெல்டாவை ஜெயித்தார். இதே மலை பாப்பா. இதே இரண்டு பேர்.

ரோக்லிச் மேல் எனக்கு வெறுப்பு இல்லை. 2020 டூரில் கடைசிக்கு முந்தின நாள் மஞ்சள் ஜெர்சியைப் போகாச்சரிடம் பறிகொடுத்துவிட்டு, ஹெல்மெட் கோணலாகத் தரையில் உட்கார்ந்திருந்த மனிதர் அவர். இன்னொன்று ஜெயிக்க எத்தனை வருடம் மிச்சமிருக்கிறது என்று அவர் உடம்புக்குத்தான் தெரியும். அவசரம் புரிகிறது. விங்கேகார்டைத்தான் எனக்குப் புரியவில்லை. அவர் குஸ்ஸோடு நின்றிருக்கலாம். வேறு ஒன்றும் செய்ய வேண்டாம், பக்கத்தில் ஓட்டினால் போதும்.

இவ்வளவு கோபம் உனக்கு எதுக்கும்மா என்று கேட்டாயே. அதைச் சொல்லாமல் விடக் கூடாது.

நீ பிறப்பதற்கு முந்தின வருடம் நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்துகொண்டிருந்தது. ஷீலா ராணி சுங்கத் கலெக்டர். எழுத்து கற்றுக்கொடுக்க வந்தவர்கள் சைக்கிளையும் கற்றுக்கொள்ளச் சொன்னார்கள், ஊர் ஊராகப் பெண்கள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினார்கள். நானும் உன் பெரியத்தையும் வாடகை சைக்கிள் எடுத்தோம். சாயங்காலம் ஒரு மணி நேரம், காசு பாதிப் பாதி. கண்மாய்க் கரையில் மதினி கேரியரைப் பிடித்துக்கொண்டு என் பின்னால் ஓடி வருவார். நான் விழுவேன், எழுவேன், அதற்குள் மணி முடிந்துவிடும். "நாளைக்கு நான் ஏறுறேன்டி, நீ இப்பப் பழகிக்க" என்பார். ஒன்பது நாள் அப்படி ஓடினார். ஒன்பதாம் நாள் அவர் கையை விட்டது எனக்குத் தெரியாது, நான் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தேன். அய்யனார் கோயில் திருப்பத்தில் திரும்பிப் பார்த்தேன், அவர் கரையிலேயே நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் திரும்பி வரவில்லை. அறிவொளி வகுப்பு வரைக்கும் தனியாகவே ஓட்டிப் போனேன், எல்லாரும் பார்க்கட்டும் என்று. அவர் நடந்து வந்தார். மறுநாளும் அதற்கு மறுநாளும் நான்தான் சைக்கிளில் போனேன். அப்புறம் நீ வயிற்றில் வந்தாய், சைக்கிள் எடுப்பது நின்றது. மதினி இன்று வரை சைக்கிள் ஓட்டியதில்லை. ஒரு நாள்கூட என்னிடம் கேட்டதில்லை.

அன்று டிவியில் குஸ் தலை குனிந்து வந்தபோது எனக்குக் கண்மாய்க் கரைதான் தெரிந்தது. உன்னிடம் சொல்ல வாய் வரவில்லை, கோபமாகத்தான் வந்தது. நீ பச்சை உடம்போடு படுத்திருந்தாய், உன்னிடம் போய்க் கத்தினேன். அது தப்பு.

பேரனுக்குக் பெடல் இல்லாத அந்தக் குட்டி சைக்கிள் வாங்கியிருக்கிறாயாமே, மாப்பிள்ளை போட்டோ அனுப்பினார். போட்டோவை மதினியிடம் காட்டினேன். "பின்னாடி யாரு பிடிக்கிறா?" என்றுதான் முதலில் கேட்டார்.

சனிக்கிழமை கூப்பிடு, அன்று மதினியும் இங்கே இருப்பார்.

அம்மா