மலைக் குளிரில் பாலூட்டக் கற்றுத்தருவது குறித்து

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாய்ப்பால் வாரத்தையொட்டித் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரை, பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால், 6 மாதம் வரை தாய்ப்பால் மட்டும், அதன் பின் இணை உணவோடு 2 ஆண்டுகளும் அதற்கு மேலும் தாய்ப்பால் என்று சொல்ல வேண்டியவற்றைச் சரியாகவே சொல்லியிருந்தது. ஆனால், எப்படிக் கொடுப்பது என்பதற்கு அதில் ஒரு பத்திகூட இல்லை. நீலகிரியில் நெடுங்காலம் கிராமச் சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வுபெற்ற எனக்கும் இந்தக் குறையில் பங்குண்டு. 'தாய்ப்பால் கொடுங்கள்' என்று நான் சொல்லிவிட்டு வந்த வீடுகளுக்குக் கணக்கில்லை. அருகில் உட்கார்ந்து, குழந்தை வாய்வைத்தது முதல் தானாக விடும் வரை பார்த்த நாட்களையோ விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இதை எனக்கு உணர்த்தியது என் மகளின் பிரசவம். கோத்தகிரி ஏறத்தாழ 6,000 அடி உயரத்தில் இருக்கிறது. அது மார்கழி மாதம். பேரனுக்கு இரண்டு ஸ்வெட்டர், குல்லா, கையுறை, அதற்கு மேல் ஒரு கம்பளி என்று சுற்றிப் பொட்டலமாக்கி மகள் மடியில் கிடத்தினோம். அவளும் சால்வைக்குள் இருந்தாள். மல்லாந்து கிடந்த குழந்தை கழுத்தை மட்டும் திருப்பிக் காம்பின் நுனியைப் பிடித்து, இரண்டு நிமிடம் சப்பி, அந்தக் கதகதப்பில் தூங்கிப்போகும். மூன்றாம் நாள் காம்பில் புண், நான்காம் நாள் பால் கட்டிக்கொண்டது, ஐந்தாம் நாள் உறவினர் ஒருவர் பால் பவுடர் டப்பாவுடன் வந்துவிட்டார். பிரசவம் பார்த்த மருத்துவமனையில் சுவரொட்டி இருந்தது, வீட்டுக்கு அனுப்பும்போது அறிவுரையும் சொன்னார்கள். குழந்தை எப்படிப் பிடித்திருக்கிறது என்று மட்டும் ஒருவரும் பார்க்கவில்லை. நானும்தான் பார்க்கவில்லை.

பிறகு கதவைச் சாத்திக் கம்பளியை அவிழ்த்தோம். இடுப்புத் துணியும் குல்லாவும் மட்டும் போட்ட குழந்தையை மகளின் மார்போடு சேர்த்து அணைத்து, இருவருக்கும் சேர்த்து ஒரே சால்வையைப் போர்த்தினோம். எடை குறைந்த குழந்தைகளுக்காக 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் தொடங்கிய கங்காரு முறையும் தாயின் உடற்சூட்டை நம்பியதுதான். காது, தோள், இடுப்பு மூன்றும் ஒரே நேர்கோட்டில் இருக்கும்படி, வயிற்றோடு வயிறு ஒட்டக் குழந்தையைத் திருப்பினோம். கட்டியிருந்த பாலைக் கையால் சிறிது பீய்ச்சி மார்பை இளகச் செய்தோம், ஏனெனில் கல்லாய் இறுகிய மார்பைக் குழந்தையால் கவ்வ முடியாது. அது வாயை அகலத் திறந்ததும் மார்பைக் குனிந்து நீட்டாமல் குழந்தையை மார்புக்குக் கொண்டுவந்தோம். தாடை மார்பில் பதிந்து, கீழுதடு வெளிப்புறம் மடிந்து, காம்பைச் சுற்றிய கருவட்டம் மேலே கூடுதலாகவும் கீழே குறைவாகவும் தெரிந்தால் பிடிப்பு சரி. அறுவைச் சிகிச்சையில் பெற்றவர்கள், தையலில் பாரம் விழாமல், குழந்தையைக் கக்கத்தின் கீழ் பக்கவாட்டில் அணைத்தும் கொடுக்கலாம்.

பால் போதவில்லை என்ற பயத்துக்கும் விடை வீட்டிலேயே இருக்கிறது. நாளொன்றுக்கு 8 முதல் 12 முறை குடித்து, முதல் வாரம் முடிவதற்குள் தினமும் 6 துணியாவது நனைத்தால் கவலை வேண்டாம். முதல் சில நாட்களில் எடை சற்றுக் குறைவதும் இரண்டு வாரத்துக்குள் மீள்வதும் இயல்பு. இதைப் பாட்டிமாரும் அறிய வேண்டும். பிறந்ததும் முதல் இனிப்பாகச் சேனை வைப்பதும் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைப்பதும் அவர்கள் கையில்தானே இருக்கிறது!

வீடு தேடிச் சென்று பச்சிளங்குழந்தையைப் பார்க்கும் தேசியத் திட்டத்தில், மருத்துவமனைப் பிரசவமானால் 3, 7, 14, 21, 28, 42ஆம் நாட்கள் குறிக்கப்பட்டுள்ளன. முதல் இரண்டு வருகைகளிலாவது, குழந்தை பசித்து விழிக்கும் வரை காத்திருந்து ஒரு முழுப் பாலூட்டலைப் பார்ப்பதைக் கட்டாயமாக்க வேண்டுமென்று சுகாதாரத் துறையைத் தங்கள் இதழ் வழியே கேட்டுக்கொள்கிறேன். ஒரு மலைப்பாதையில் நான்கு வீடுகளைப் பார்த்துத் திரும்ப வேண்டிய செவிலியருக்கு இது எளிதல்ல என்பதை நான் அறிவேன்; வருகைகளின் எண்ணிக்கையை வைத்தே வேலையை அளந்தால் யாரும் காத்திருக்க மாட்டார்கள்.

கொழுந்து பறிக்கும் தாய்மாருக்கு இன்னொன்றும் தேவை. குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை வேலைநேரத்தில் இரண்டு பாலூட்டும் இடைவேளைகளை 1961ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டம் தந்தது. 2017இல் விடுப்பு 26 வாரமானது. ஆனால், சிறு தோட்டங்களில் நாட்கூலிக்குப் போகிறவர்கள் அவ்வளவு காலம் வீட்டிலிருக்க முடிவதில்லை. கையால் பாலைப் பீய்ச்சிச் சுத்தமான மூடிய பாத்திரத்தில் வைத்தால் 4 மணி நேரம் கெடாது, அதைப் பாட்டிலில்லாமல் பாலாடை என்ற மூக்குக் கிண்ணத்திலோ சங்கிலோ புகட்டலாம் என்பதை வேலைக்குத் திரும்பும் முன்பே அவர்களுக்குச் செய்துகாட்ட வேண்டும்.

அடுத்த முறை இதைப் பற்றித் தாங்கள் எழுதும்போது, சரியான பிடிப்பைக் காட்டும் படமொன்றையும் வெளியிட வேண்டுகிறேன். படத்திலுள்ள தாய் சால்வை போர்த்தியிருந்தால் எங்கள் ஊர்ப் பெண்களுக்கு உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராமச் சுகாதாரச் செவிலியர்,
கோத்தகிரி.