ஹாம்ஸ்டர் வாங்குவதற்கு முன்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம்.

நான்காம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் கையெழுத்துப் போட்டு என்னிடம் ஒரு மனு கொடுத்தார்கள். வகுப்பறையில் ஒரு ஹாம்ஸ்டர் (எலி போன்ற சிறிய செல்லப்பிராணி) வளர்க்க அனுமதி வேண்டும், முறைவைத்து உணவு கொடுப்போம், கூண்டையும் நாங்களே சுத்தம் செய்வோம் என்று அழகாக எழுதியிருந்தார்கள். அதற்கு நான் அனுமதி தரவில்லை. காரணத்தை வகுப்புக்கே போய்ச் சொல்லிவிட்டேன். பள்ளியில் முடியாதென்றால் வீட்டில் வாங்கித் தாருங்கள் என்று அடுத்து உங்களிடம்தான் வந்து நிற்பார்கள். கோடை விடுமுறையும் நெருங்கிவிட்டது. அதனால்தான் இந்தக் கடிதம்.

ஹாம்ஸ்டர் பகல் முழுவதும் தூங்கும், இருட்டிய பிறகே எழுந்து நடமாடும். நாற்பது பிள்ளைகளும், முக்கால் மணிக்கு ஒரு மணியோசையும், பெஞ்சு இழுபடும் சத்தமும் உள்ள அறையில் அதற்குத் தூக்கமே இருக்காது. மாலையில் அது விழிக்கும்போது பள்ளி பூட்டியிருக்கும். சனி, ஞாயிறில் அதைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது. பிள்ளைகளின் ஆசை நல்ல ஆசைதான். ஆனால் அந்த ஏற்பாட்டில் ஹாம்ஸ்டருக்குத் துன்பத்தைத் தவிர ஒன்றுமில்லை.

சென்ற மாதம் ஒரு மாணவி, சாப்பாட்டு டப்பாவின் மூடியில் காம்பஸ் முனையால் ஓட்டை போட்டு, தன் ஹாம்ஸ்டரை அதற்குள் வைத்துப் பள்ளிக்குக் கொண்டுவந்துவிட்டாள். தோழிகளுக்குக் காட்ட வேண்டும் என்ற ஆசை. டப்பாவைத் திறந்தபோது, அது காதுகளைத் தலையோடு ஒட்டவைத்து மூலையில் ஒடுங்கிக் கிடந்தது. இரண்டு கன்னங்களும் புடைத்திருந்தன. உள்ளே கிடந்த கம்பு தானியத்தை முழுவதும் வாய்க்குள் அடக்கி வைத்திருந்தது. ஒரு பையன் விரலை நீட்டினான், கடித்துவிட்டது. "அதுக்கு என் மேல கோபமா சார்?" என்று கேட்டான். கோபம் இல்லை, பயம். தூக்கத்தில் இருப்பதைத் தொட்டு எழுப்பினால் எந்த ஹாம்ஸ்டரும் கடிக்கும். அதற்குக் கண்பார்வை மிகக் குறைவு, மோப்பத்தால்தான் ஆளை அறியும். தானாக விழித்த பிறகு, கையைக் கழுவிவிட்டு உள்ளங்கையைக் கூண்டுக்குள் வைத்து, அதுவே ஏறி வரும்வரை காத்திருக்க வேண்டும். பழக ஒரு வாரமும் ஆகும், ஒரு மாதமும் ஆகும்.

கடைகளில் அதிகம் விற்கும் பொன்னிற ஹாம்ஸ்டரின் சொந்த மண் சிரியாவின் அலெப்போ சுற்றுவட்டாரமும் அதையொட்டிய துருக்கிப் பகுதியும். 1930இல் இஸ்ரேல் அகரோனி என்ற விலங்கியலாளர் அலெப்போ அருகே ஒரு வயலில் மண்ணைத் தோண்டி, வளைக்குள் இருந்த ஒரு தாயையும் குட்டிகளையும் பிடித்தார். உலகெங்கும் வீடுகளில் வளரும் பொன்னிற ஹாம்ஸ்டர்கள் பெரும்பாலும் அந்த ஒரே ஈற்றின் வழிவந்தவை. காட்டில் வாழும் அதன் இனமோ இன்று அழிவின் விளிம்பில் இருக்கிறது. அந்த வறண்ட வயல்களில் அது தனியாக ஒரு வளை தோண்டி, பகல் வெயிலுக்கு ஆழத்தில் ஒளிந்து, இரவில் வெளியே வந்து தானியம் பொறுக்கிச் சேமிக்கும். நம் வீட்டுக்கு வந்த பிறகும் அதன் உடம்பு கேட்பது ஆழமான மண், இருட்டு, தனிமை ஆகிய இந்த மூன்றைத்தான்.

தனிமையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில்தான் அதிகம் ஏமாறுகிறோம். "ஒண்ணு தனியா இருந்தா ஏங்கிடும், ஜோடியா எடுத்துக்குங்க" என்று கடையில் சொல்வார்கள். பொன்னிற ஹாம்ஸ்டர் வளர்ந்தபின் தன் இனத்தையே பக்கத்தில் சேர்க்காது. இரண்டை ஒரே கூண்டில் விட்டால் ஒன்று மற்றொன்றைக் கடித்துக் கொன்றுவிடலாம், காலையில் அதைப் பார்ப்பது உங்கள் பிள்ளையாக இருக்கும். ஆணும் பெண்ணுமாக இருந்தால் இன்னொரு சிக்கல். 16 நாளில் குட்டி போடும், ஒரு ஈற்றில் எட்டுப் பத்து குட்டிகள் வரும், அந்தக் குட்டிகளே ஐந்தாறு வாரத்தில் இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிடும். குள்ள வகைகளைச் சேர்த்து வளர்க்கலாம் என்பவர்கள் உண்டு. பழக்கமில்லாத வீட்டில் அதுவும் வேண்டாம் என்பதே என் கருத்து. ஒரு கூண்டுக்கு ஒன்று, அவ்வளவுதான். கடையைப் பொறுத்தவரை, 2018ஆம் ஆண்டின் செல்லப்பிராணிக் கடை விதிகளின்படி மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள், கேட்பது உங்கள் உரிமை.

வண்ண வண்ணக் குழாய்கள் வைத்த சிறிய கூண்டுகளை வாங்காதீர்கள். ஒரு ஹாம்ஸ்டருக்குக் குறைந்தது 100 செ.மீ. நீளமும் 50 செ.மீ. அகலமும் உள்ள தரை வேண்டும். இவ்வளவு சிறிய பிராணிக்கு இவ்வளவு இடமா என்று தோன்றும். ஒரே இரவில் பல கிலோமீட்டர் ஓடக்கூடிய பிராணி அது. தோண்டுவதற்கு இடம் தருவது அதைவிட முக்கியம். சுவிட்சர்லாந்தில் நடந்து 2006இல் வெளியான ஓர் ஆய்வில், ஹாம்ஸ்டர்களுக்கு 10, 40, 80 செ.மீ. ஆழத்தில் படுகை (தோண்டவும் படுக்கவும் கூண்டில் பரப்பும் துகள்) போட்டுப் பார்த்தார்கள். 10 செ.மீ. படுகையில் இருந்தவை கூண்டுக் கம்பியை அதிகமாகக் கடித்தன, 80 செ.மீ. கிடைத்தவை கம்பிப் பக்கமே போகவில்லை. அவ்வளவு ஆழம் நம்மால் தர முடியாவிட்டாலும், ஒரு மூலையிலாவது ஒரு முழத்துக்குக் குறையாமல் போடுங்கள். சாயமும் வாசனையும் இல்லாத காகிதத் துகள் நல்லது. தச்சுப்பட்டறையில் கிடைக்கும் மரத்தூள் வேண்டாம், தேவதாரு, பைன் மரத்தூளின் நெடி அதன் நுரையீரலுக்கு ஆகாது. கூடு கட்டிக்கொள்ளட்டும் என்று பஞ்சு வைக்காதீர்கள். இழை காலில் சுற்றி இறுகிவிடும், விழுங்கினால் குடலை அடைத்துவிடும். சக்கரம் 28 செ.மீ. அளவாவது இருக்கட்டும், கம்பி கம்பியாக இல்லாமல் தட்டையான ஓடுதளம் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். ஒருபோதும் தண்ணீரில் குளிப்பாட்டாதீர்கள், ஒரு கிண்ணத்தில் சுத்தமான மணல் வைத்தால் அதுவே புரண்டு சுத்தம் செய்துகொள்ளும்.

எனக்கு மிகப் பெரிய கவலை நம் சென்னை வெயில். சிரியாவும் வெயில் ஊர்தானே என்று ஒரு தந்தை கேட்டார். அங்கே அதற்குக் குளிர்ந்த வளை இருக்கிறது, இங்கே மூன்றாவது மாடிப் பால்கனிதான் இருக்கிறது. 30 டிகிரியைத் தாண்டினால் அதற்கு ஆபத்து. அக்னி நட்சத்திர நாட்களில் ஏ.சி. இல்லாத அறையில் வைத்திருப்பவர்கள், வீட்டிலேயே குளிர்ந்த இடமாகப் பார்த்துக் கூண்டை மாற்றுங்கள். உள்ளே ஒரு தரை ஓட்டுத் துண்டையும் கவிழ்த்த மண்சட்டியையும் வையுங்கள், அதன்மேல் போய்ப் படுத்துக்கொள்ளும். மின்வெட்டு நேரத்துக்காக ஃப்ரீசரில் ஒரு தண்ணீர் பாட்டில் எப்போதும் இருக்கட்டும், துணியில் சுற்றிக் கூண்டுக்கு வெளியே ஒட்டி வைக்கலாம். துவண்டு கிடந்தாலோ, வேகமாக மூச்சு வாங்கினாலோ உடனே குளிர்ந்த இடத்துக்கு மாற்றி மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். பனிக்கட்டித் தண்ணீரை அதன்மேல் ஊற்றிவிடாதீர்கள்.

உணவுக்குக் கடையில் விற்கும் ஹாம்ஸ்டர் உணவே அடிப்படை. அதோடு கொஞ்சம் கம்பு, தினை, ஒரு சிறு துண்டு வெள்ளரி, கேரட் போதும். சூரியகாந்தி விதை நாளுக்கு ஒன்றிரண்டுக்கு மேல் வேண்டாம். வெங்காயம், பூண்டு, எலுமிச்சை, ஆரஞ்சு, சாக்லேட் கூடவே கூடாது. அது தானியத்தைப் புதைத்து வைக்கும் இடத்துக்கு எறும்பு வந்தே தீரும். எறும்பு சாக்பீஸ் விஷம், கூண்டின் அருகே கோடு போடாதீர்கள். சமையலறையில் நம் பாட்டிமார் செய்ததுபோல, மேசைக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்துங்கள். கொசுவத்தி, ஊதுபத்தி, கொசு மருந்து எதுவும் அந்த அறையில் வேண்டாம்.

வாங்குவதற்கு முன்பே ஒரு மருத்துவரைக் கண்டுபிடித்து வையுங்கள். நாய், பூனை பார்க்கும் எல்லா மருத்துவமனைகளிலும் ஹாம்ஸ்டர் பார்ப்பதில்லை. வாலைச் சுற்றி ஈரமாக இருந்தால் அது வயிற்றுப்போக்கு. குட்டிகளுக்கு இரண்டு மூன்று நாளில் உயிர் போய்விடும், நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவுவதைக் கட்டாயமாக்குங்கள். வீட்டில் கர்ப்பிணியோ கைக்குழந்தையோ ஆஸ்துமா உள்ளவரோ இருந்தால், மருத்துவரைக் கேட்காமல் வாங்க வேண்டாம்.

பிள்ளைகள் எவ்வளவு சத்தியம் செய்தாலும், பத்து வயதுக் குழந்தையால் ஓர் உயிரின் முழுப் பொறுப்பை ஏற்க முடியாது. அரையாண்டுத் தேர்வு வாரத்தில் தண்ணீர் மாற்றப்போவது நீங்கள்தான். அதற்கு மனமிருந்தால் மட்டும் வாங்குங்கள். ஹாம்ஸ்டரின் ஆயுள் இரண்டு, அதிகம் போனால் மூன்று ஆண்டு. நான்காம் வகுப்பில் வாங்கியது ஆறாம் வகுப்பில் இறந்துபோகும். அன்று அதே நிறத்தில் வேறொன்றை வாங்கி வந்து கூண்டில் வைத்துவிடாதீர்கள். உண்மையைச் சொல்லுங்கள், அழ விடுங்கள். வகுப்பாசிரியருக்கும் ஒரு வார்த்தை சொன்னால் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்கள் இப்போது வாங்கவே வேண்டாம். ஆடி பிறந்து வெயில் தணியட்டும். ஏற்கெனவே வளர்ப்பவர்களுக்காக, அடுத்த பெற்றோர் கூட்டத்தன்று உயிரியல் ஆசிரியை ஆய்வுக்கூடத்தில் இருப்பார். ஹாம்ஸ்டரைக் கொண்டுவராமல், கூண்டின் படத்தைக் கைபேசியில் எடுத்து வாருங்கள். இனி வளர்க்க முடியாது என்ற நிலையில் இருப்பவர்கள் பூங்காவிலோ ஏரிக்கரையிலோ விட்டுவிடாதீர்கள், காகமும் பூனையும் ஒரு நாள்கூட விட்டுவைக்காது. என்னிடம் தயங்காமல் சொல்லுங்கள். பொறுப்பாக வளர்க்கக்கூடிய ஒரு குடும்பத்தை நம் பெற்றோருக்குள்ளேயே தேடித் தருகிறேன்.

அன்புடன்,
தலைமையாசிரியர்