கழற்றினதைத் திருப்பிப் பூட்டுங்கள்

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா, வெலிமடை, பண்டாரவளைப் பக்கங்களில் இருபது, இருபத்தைந்து வருடப் பழைய பிராடோ, பஜேரோ, லேண்ட் குரூசர், ரேஞ்ச் ரோவர், டிஸ்கவரி வைத்துக்கொண்டு, முடிந்த வேலையை வீட்டு முற்றத்திலேயே பார்த்துக்கொள்ளும் ஜீப் சொந்தக்காரர்களுக்கு,

வணக்கம்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்கு 2025இல்தான் மறுபடி கதவு திறந்தது. இடையில் ரூபாய் விழுந்தபோது ஸ்பெயார் விலை எங்கே போய் நின்றது என்பது கொழும்புப் பஞ்சிகாவத்தையின் ஸ்பெயார் கடைகளுக்கு ஒருமுறை போய்வந்த எல்லோருக்கும் தெரியும். அதனால் பழைய ஜீப்பை வைத்து ஓட்டுவதையோ, வீட்டிலேயே ஸ்பனர் பிடிப்பதையோ நாங்கள் குறை சொல்ல வரவில்லை. எங்கள் வழக்கு வேறு. கழற்றுகிறீர்கள், திருப்பிப் பூட்டுவதில்லை. சூடாகிறது என்று தெர்மோஸ்டாட் போகிறது. எரிச்சலாக இருக்கிறது என்று ஏ.பி.எஸ். விளக்கின் பல்ப் போகிறது. என்னவென்று தெரியாததால் பின் அச்சிலுள்ள ஒரு கம்பியும் போகிறது. கொழும்பின் தட்டை ரோட்டில் இப்படி வருடக்கணக்கில் ஓடலாம். ரம்பொடை ஏற்றமும் இறக்கமும் அந்தச் சலுகையைத் தராது.

எஞ்சின் சூடானதும் ரேடியேட்டருக்குத் தண்ணீர் வழியைத் திறந்துவிடும் வால்வான தெர்மோஸ்டாட்டிலிருந்தே தொடங்குவோம். 'அதைக் கழற்றிவிட்டால் தண்ணீர் தாராளமாக ஓடும், சூடாகாது' என்பது பாதி உண்மைகூட இல்லை. பல டொயோட்டா டீசல் எஞ்சின்களில் தெர்மோஸ்டாட்டின் அடியில் இன்னொரு தட்டு இருக்கிறது. மேல்வாய் திறக்கும்போது அந்தத் தட்டு இறங்கி பைபாஸ் வழியை மூடும். முழுவதையும் கழற்றினால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும். எஞ்சினில் சூடான தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டர் பக்கமே போகாமல் திரும்பவும் எஞ்சினுக்குள் வரும். இறக்கத்திலும் காலைக் குளிரிலும் எஞ்சின் சூடேறாது, நீண்ட ஏற்றத்தில் அளவுக்கு மீறிச் சூடாகும். இரண்டு கெடுதியும் ஒன்றாக வந்து சேர்கின்றன. சூடேறாத டீசல் எஞ்சின் எரிபொருளை முழுதாக எரிக்காது. புகைப் பரிசோதனையில் விழுந்துவிட்டு இன்ஜெக்டரைத் திட்டுபவர்கள் முதலில் தெர்மோஸ்டாட் இருக்கிறதா என்று பாருங்கள்.

பழையதைச் சோதிக்க நூலில் கட்டி, சட்டியின் அடியில் படாமல் தண்ணீரில் தொங்கவிட்டு அடுப்பில் வையுங்கள். அதன்மேல் குத்தியிருக்கும் எண்ணில், உதாரணமாக 82 டிகிரியில், திறக்கத் தொடங்க வேண்டும். நுவரெலியாக்காரருக்கு இங்கே ஒரு எச்சரிக்கை. 1,868 மீற்றர் உயரத்தில் தண்ணீர் 94 டிகிரிக்குக் கிட்டவே கொதித்துவிடும். 95இல் முழுதாகத் திறக்கும் தெர்மோஸ்டாட் உங்கள் சட்டியில் முழுதாகத் திறக்கவே மாட்டாது. அதற்காக நல்லதைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். உரிய எண்ணில் அசையத் தொடங்கி, ஆறினதும் இறுக மூடினால் போதும். திருப்பிப் பூட்டும்போது, காற்று வெளியேற வைத்திருக்கும் அந்தச் சின்ன ஆடும் ஊசி மேலே வரவேண்டும்.

இதே 94 டிகிரிதான் ரேடியேட்டர் மூடியையும் முக்கியமாக்குகிறது. 0.9 என்று குத்திய மூடி ஒழுங்காகப் பிடித்தால், நுவரெலியாவிலும் உள்ளே இருக்கும் தண்ணீர் ஏறக்குறைய 115 டிகிரிவரை கொதிக்காமல் நிற்கும். மூடியின் இறப்பர் வெடித்து அழுத்தம் கசிந்தால் அந்த இருபது டிகிரிப் பாதுகாப்பும் போச்சு. எஞ்சினில் ஒரு குறையும் இல்லாமலே கொதிக்கும். எஞ்சின் ஹெட்டைக் கழற்ற முடிவெடுப்பதற்கு முன் ஒரு புது மூடி வாங்கிப் போட்டுப் பாருங்கள். ஜீப்பில் இதைவிட மலிவான வைத்தியம் கிடையாது.

அடுத்தது விசிறி. சூடான எஞ்சினை நிறுத்தியதும் விசிறி ஒரு சுற்றுக்கு மேலும் தாராளமாகச் சுழன்றால், அதன் நடுவிலுள்ள பிடிப்பின் சிலிக்கோன் ஒயில் போய்விட்டது என்று அர்த்தம். பெயரிங் ஓரத்தில் பிசுக்கும் தூசியும் அப்பியிருப்பதும் அதே கதைதான். சாவியை எடுத்துவிட்டுத்தான் கையை வையுங்கள். ஏ.சி. கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடைவெளியில் இலையும் பூச்சியும் தோட்டத்து ரோட்டுப் புழுதியும் மெத்தைபோல் படிந்திருக்கும். முன்னாலிருந்து பார்த்தால் தெரியாது. எஞ்சின் பக்கமிருந்து வெளிப்பக்கமாக, தோட்டத்துக்கு நீர் விடும் குழாயால் மெதுவாகக் கழுவுங்கள். சேர்விஸ் ஸ்டேஷன் பிரஷரை அங்கே காட்டினால் மெல்லிய தகடுகள் மடிந்து காற்று போகும் வழி அடைபடும்.

ரேடியேட்டருக்குப் பீலித் தண்ணீர் வேண்டாம். கண்ணாடிபோலத் தெளிவாக இருந்தாலும் அதிலுள்ள உப்பும் கனிமமும் அலுமினிய ஹெட்டை அரிக்கும். கூலன்ட்டும் காய்ச்சி வடித்த தண்ணீரும் சரி பாதி. சிவப்பையும் பச்சையையும் கலக்காதீர்கள். நிரப்பும்போது ஜீப்பின் மூக்கை மேட்டுப் பக்கம் நிறுத்துங்கள். மலைநாட்டில் அதற்கான சரிவுக்குப் பஞ்சமா? ஹீட்டரை முழுச் சூட்டில் வையுங்கள், பின்சீட்டுக்கும் ஹீட்டர் இருந்தால் அதையும். குமிழி நிற்கும்வரை எஞ்சின் ஓடட்டும்.

1கே.இசட். எஞ்சின் பூட்டிய பிராடோக்காரர்கள் இதை இரண்டுதரம் வாசியுங்கள். அந்த ஹெட் ஒரு தடவை கடுமையாகச் சூடானாலே வெடிக்கும் சாதி. சூட்டு மீற்றரின் முள்ளை நம்பி இருக்க முடியாது. அது நடுவில் நீண்ட நேரம் அசையாமல் நின்று, கடைசியில்தான் துள்ளும். தண்ணீர் குறைந்து சென்சர் வெறும் ஆவியில் நிற்கும்போது முள் இறங்கிக்கூடக் காட்டும். ஆகவே வேறு அடையாளங்களைப் பாருங்கள். இரவெல்லாம் ஆறின பிறகும் காலையில் மேல் ஹோஸ் கல்லாக இருக்கிறதா? ஏற்றத்தில் ஹீட்டர் திடீரென்று குளிர்காற்று தருகிறதா? சேமிப்புப் போத்தலில் விடாமல் குமிழி வருகிறதா? இவற்றில் இரண்டு சேர்ந்தால் ஓட்டாதீர்கள். ஹெட் வேலை முற்றத்து வேலை அல்ல, அழுத்தச் சோதனை செய்யும் இடத்துக்கே போகவேண்டும். இந்த எஞ்சினின் டைமிங் பெல்ட்டுக்கு 1,00,000 கிலோமீற்றரில் ஒரு விளக்கு எரியும். ஆனால் மீற்றரைக் குறைத்து விற்ற வண்டியில் அந்த விளக்குக்கு என்ன தெரியும்? பெல்ட் மாற்றிய திகதி கையில் இல்லாவிட்டால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இனி பிரேக். நுவரெலியாவிலிருந்து ரம்பொடை வழியாகக் கம்பளைக்கு இறங்கினால் 1,300 மீற்றருக்கு மேல் உயரம் குறைகிறது. இரண்டு தொன் ஜீப்பை அந்த உயரத்திலிருந்து இறக்கும் சக்தி எல்லாம் எங்காவது வெப்பமாகப் போகவேண்டும். ஓட்டோ கியரில் ஓவர்டிரைவை அணைத்து 2இல் இறங்கினால் பெரும்பங்கை எஞ்சின் வாங்கிக்கொள்ளும். கியரை 'D'யில் விட்டு மிதித்துக்கொண்டே வந்தால் முழுவதும் பிரேக்குக்குத்தான், அங்கிருந்து பிரேக் ஒயிலுக்கும். புது டொட் 4 ஒயில் குறைந்தது 230 டிகிரிவரை கொதிக்காது. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறினால் அந்த எல்லை 155 வரை இறங்கலாம். மூடுபனியும் மழையுமாக இருக்கும் ஊரில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது ஆடம்பரம் அல்ல. ஒரு லீற்றர் போதும். மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சில்லிலிருந்து தொடங்கி, ஒருவர் மிதிக்க ஒருவர் நிப்பிளைத் திறந்து மூட, நிறம் தெளியும்வரை. முன்பே திறந்து வைத்த போத்தல் ஒயிலை ஊற்றாதீர்கள்.

பின் அச்சிலிருந்து சேசிஸுக்குப் போகும் அந்த மெல்லிய கம்பி ஒரு வால்வில் முடிகிறது. பின்னால் பாரம் எவ்வளவு என்று பார்த்துப் பின் பிரேக்குக்கு அழுத்தம் பங்கிடுவது அதன் வேலை. ஸ்பிரிங்குக்கு மேல் இரண்டு அங்குலக் கட்டை வைத்து ஜீப்பை உயர்த்தியவர்கள், அந்தக் கம்பியைச் சரிப்படுத்தாவிட்டால் வால்வு 'வண்டி வெறுமை' என்றே நினைக்கும். ஏழு பேரும் சாமானும் ஏறியிருந்தாலும் பின் பிரேக் பாதிதான். ஏ.பி.எஸ். விளக்கை மறைப்பது இன்னும் மோசம். பி38 ரேஞ்ச் ரோவரிலும் லேண்ட் குரூசர் 100 பலவற்றிலும் மிதிக்கு உதவி தருவது மின்பம்ப். விளக்கு அதன் சாவையும் சொல்லும். சாவியைத் திறந்து பம்ப் ஓடி நின்ற பிறகு மிதித்துப் பாருங்கள். ஒவ்வொரு மிதிக்கும் பம்ப் ஓடினால், அழுத்தத்தைச் சேமிக்கும் உருண்டை செத்துவிட்டது.

ரேஞ்ச் ரோவரின் காற்று சஸ்பென்ஷனை எடுத்துக் காயில் ஸ்பிரிங் போடுவதை நாங்கள் பாவம் என்று சொல்லமாட்டோம். ஆனால் பல வண்டிகளில் அவை ஒரு சில ஓ-ரிங்குகளின் விலையில் தீரும் வருத்தத்துக்காகப் போடப்படுகின்றன. மாலையில் சமதரையில் நிறுத்தி, ஒவ்வொரு சில்லின் நடுவிலிருந்து மட்கார்ட் விளிம்புவரை நாடாவால் அளந்து எழுதுங்கள். அந்த வண்டி இரவில் தானாக எழுந்து தாழ்ந்த மூலைக்கு மற்றவற்றைச் சமப்படுத்தும், அதனால் சஸ்பென்ஷனின் டிலே ரிலேயைக் கழற்றிவிடுங்கள். (காலையில் திருப்பிப் போட மறவாதீர்கள்!) ஒரு மூலை மட்டும் இறங்கியிருந்தால் பெரும்பாலும் அந்த மூலையின் காற்றுப் பையோ அதன் குழாயோ. எல்லாம் சேர்ந்து இறங்கியிருந்தால் பெரும்பாலும் வால்வுப் பெட்டிக்குள்ளிருக்கும் ஓ-ரிங். ஒரு லீற்றர் தண்ணீரில் ஒரு கரண்டி பாத்திரம் கழுவும் சோப்பு கரைத்துப் பூசினால் கசிவு குமிழியாகத் தன்னைக் காட்டிக்கொடுக்கும். 6 மி.மீ. குழாயின் நுனியைக் கூரிய பிளேடால் நேராக வெட்டவேண்டும், கத்தரிக்கோல் நசுக்கும். கசிவை விட்டுவிட்டுக் கம்ப்ரசரை மட்டும் மாற்றுவது ஓட்டை வாளியில் தண்ணீர் அள்ளுவது. ஓயாமல் ஓடி புதுசும் கருகும். ஸ்டாண்ட் இல்லாமல் கீழே போகவே போகாதீர்கள், பை இறங்கினால் சேசிஸும் இறங்கும்.

டீ.டி.5 டீசல் எஞ்சின் பூட்டிய டிஸ்கவரி திணறினால் முதலில் எஞ்சினை ஆளும் கணினிப் பெட்டியான இ.சி.யு.வின் சிவப்புப் பிளக்கைக் கழற்றி ஒயில் இருக்கிறதா பாருங்கள். இருந்தால், இன்ஜெக்டர் வயர் வழியாக எஞ்சின் ஒயில் ஊர்ந்து வந்திருக்கிறது. கொன்டக்ட் கிளீனரால் கழுவினால் சில வாரம் ஓடும். தீர்வு, ரொக்கர் கவருக்குள் இருக்கும் அந்த வயர்க்கட்டை மாற்றுவது. மாற்றிய பிறகும் பழைய ஒயில் கொஞ்ச நாள் வடியும், பயப்பட வேண்டாம்.

சன்ரூஃப் உள்ளவர்கள் மழைக்கு முன் அதன் மூலையில் ஒரு கப் தண்ணீர் ஊற்றி, வடிகால் குழாய் வழியாகக் கீழே வருகிறதா பாருங்கள். வராவிட்டால் நைலோன் தங்கூசியை உள்ளே விடுங்கள். கம்பி குழாயைக் கிழிக்கும், அமுக்கக் காற்று உள்ளேயே மூட்டைக் கழற்றிவிடும். அங்கே தேங்கும் தண்ணீர், பி38இல் சீட்டுக்கடியில் இருக்கும் மின்பெட்டிவரைகூடப் போகலாம்.

பாவித்த பொருள் வாங்குவதில் தவறில்லை, இறப்பரைத் தவிர. ஹோஸ், பெல்ட், சீல், ஓ-ரிங் புதிதாகவே வேண்டும். பஞ்சிகாவத்தைக்குப் போகும்போது சேசிஸ் நம்பரையும் பழைய பொருளையும் கையோடு கொண்டுபோங்கள். 'பிராடோவுக்கு' என்று மட்டும் கேட்டால் கடைக்காரர் தருவது யாருடைய பிராடோவுக்கு என்று அவருக்கே தெரியாது.

ஏப்ரல் சீசனுக்கு முன் ஒரு சனிக்கிழமை ஒதுக்குங்கள். அதற்குள் திருப்பிப் பூட்ட முடியாதது ஏதாவது மிச்சமிருந்தால், பொனட்டின் உட்பக்கம் ஒரு வெள்ளைப் பிளாஸ்டரை ஒட்டி எழுதிவையுங்கள்: தெர்மோஸ்டாட் இல்லை, ஏ.பி.எஸ். பல்ப் இல்லை, பிரேக் கம்பி கட்டப்பட்டிருக்கிறது என்று. விற்கும்போது அதை உரித்துவிடாதீர்கள். வாங்குகிறவரும் இதே இறக்கத்தில்தான் இறங்கப்போகிறார்.

இப்படிக்கு,
மலைநாட்டில் ஸ்பனர் பிடிப்பவர்கள்