சமன்பாடு முதலில், பார்முலா அப்புறம்: டெல்டாவின் வேதியியல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் மேல்நிலை வகுப்புகளுக்கு வேதியியல் எடுக்கும் ஆசிரியர்களுக்கு வணக்கம்.

கும்பகோணத்தில் மாலை நேரத்தில் டியூஷன் எடுக்கிறேன். பிளஸ் டூ பிள்ளைகளிடம் அமிலமும் காரமும் ஒன்றையொன்று சரிக்கட்டும் நடுநிலையாக்கல் கணக்கு ஒன்றைக் கொடுத்தால், கேள்வியைப் படித்து முடிக்கும் முன்பே “வி ஒன் என் ஒன் ஈக்வல் டு வி டூ என் டூ” என்று பாட்டாய் வந்துவிடுகிறது. வி என்பது கரைசலின் கன அளவு, என் என்பது நார்மாலிட்டி. பார்முலாவில் தப்பில்லை. கேள்வியில் இருப்பது மோலாரிட்டி, அதாவது ஒரு லிட்டர் கரைசலில் எத்தனை மோல் (துகள்களை எண்ணும் அலகு) பொருள் என்ற அளவு. நார்மாலிட்டியோ, அந்த அமிலமோ காரமோ லிட்டருக்கு எத்தனை மோல் ஹைட்ரஜன் அல்லது ஹைட்ராக்சைடு அயனி தரும் என்ற அளவு. மோலாரிட்டியை அப்படியே நார்மாலிட்டிக்குரிய இடத்தில் போட்டுவிடுகிறார்கள்.

25 மி.லி. 0.1 மோலார் கந்தக அமிலத்தை நடுநிலையாக்க 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு எவ்வளவு வேண்டும்? 25 என்கிறார்கள். சரியான விடை 50 மி.லி. இந்த அமிலத்தின் ஒவ்வொரு மோலுக்கும் இரண்டு மோல் காரம் தேவை. சமன்பாட்டை எழுதியிருந்தால் அந்த 2 கண்ணில் பட்டிருக்கும். அமிலம் 0.0025 மோல், காரம் 0.005 மோல், அதை 0.1-ஆல் வகுத்தால் 0.05 லிட்டர். மூன்றே வரி.

ஆய்வகத்திலும் இதே கதைதான். ஆக்சாலிக் அமிலப் படிகம் 6.3 கிராம் நிறுத்து ஒரு லிட்டர் கரைசலாக்கச் சொன்னால் செய்துவிடுவார்கள். ஏன் 6.3 என்று கேட்டால் முழிப்பார்கள். படிகத்திலுள்ள இரண்டு நீர் மூலக்கூறுகளையும் சேர்த்து அதன் மோலார் நிறை, அதாவது ஒரு மோலின் எடை, 126 கிராம். ஆக, கரைசல் 0.05 மோலார், இரண்டு ஹைட்ரஜன் அயனி தருவதால் 0.1 நார்மல். இது புரியாத பிள்ளை, சொட்டுச் சொட்டாக அளந்து விடும் பியூரெட்டை மெல்லத் திறந்து, நிறங்காட்டியான பினாப்தலீனின் வெளிர் ரோஜா நிறத்தைக் கடைசிச் சொட்டில் கச்சிதமாகப் பிடித்தாலும், கணக்கில் மோலாரையும் நார்மலையும் குழப்பினால் விடை பாதியாகிவிடும்.

காரத்தை நேராக நிறுத்துச் செறிவைச் சொல்லிவிட முடியாதா என்று கேட்கும் பிள்ளைக்கு நம் ஊரில் பதில் சொல்வது சுலபம். ஐப்பசி அடைமழையில் சோடியம் ஹைட்ராக்சைடு வில்லைகள் சிலவற்றை வாட்ச் கிளாஸில் திறந்து வையுங்கள். சற்று நேரத்தில் வியர்த்துப் பளபளக்கும், எடை ஏறும். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடையும் உறிஞ்சும். அதனால்தான் ஆக்சாலிக் அமிலத்தைக் கொண்டு காரத்தின் செறிவைக் கண்டுபிடிக்கிறோம்.

வெற்றிலைக்குப் பேர்போன ஊரில் உதாரணத்துக்கா பஞ்சம்? நீற்றிய சுண்ணாம்பு கால்சியம் ஹைட்ராக்சைடு. மோலார் நிறை 74. தூய சுண்ணாம்பு 7.4 கிராமுக்கு ஹைட்ரோகுளோரிக் அமிலம் எத்தனை கிராம் என்று கேளுங்கள். 3.65 என்று பாதி வகுப்பு சொல்லும். ஒரு மோல் சுண்ணாம்புக்கு இரண்டு மோல் அமிலம் வேண்டும், அமிலத்தின் மோலார் நிறை 36.5. ஆக, விடை 7.3. கடைச் சுண்ணாம்பில் தண்ணீர் இருக்கும், அதனால் அவ்வளவு அமிலம் பிடிக்காது. எவ்வளவு குறைகிறது என்பதை வைத்தே அதன் தூய்மையைக் கணக்கிடலாம், அது இன்னொரு வகுப்புக்கு ஆகும்.

நான் கேட்பது ஒன்றுதான். ரெக்கார்டு நோட்டில் கணக்கின் முதல் வரி சமன்பாடாக இருக்கட்டும். வகுப்புத் தேர்விலாவது அதற்கென்று ஒரு மதிப்பெண் ஒதுக்குங்கள். மதிப்பெண் இல்லாததைப் பிள்ளைகள் எழுதமாட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததா?

இப்படிக்கு,
கும்பகோணத்திலிருந்து ஒரு டியூஷன் வாத்தியார்