பிரான்கோனியா நாட்ச் பயணம்: பணத்தைத் திருப்பித் தரக் கோரி நான்காவது கடிதம்

வணக்கம்.

இதற்கு முன் எழுதிய மூன்று கடிதங்களுக்கும் "உங்கள் கருத்துக்கு நன்றி" என்ற ஒரே வரிதான் பதிலாக வந்தது. ஐந்து தடவை போன் செய்தேன். ஒவ்வொரு தடவையும் வேறு ஆள், ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. களைத்துப்போய்த்தான் மறுபடி எழுதுகிறேன்.

பயணத் திட்டம் உங்களிடமே இருக்கிறது, எடுத்துப் பாருங்கள். "ஓல்ட் மேன் ஆஃப் த மவுண்டன் நினைவிடம், ஒரு மணி நேரம்" என்று போட்டிருக்கிறீர்கள். நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் பிரான்கோனியா நாட்ச் கணவாயில், மலைமேல் மனித முகம் போலத் தெரிந்த பாறைக்கான நினைவிடம் அது. பஸ் அங்கே நின்றது 12 நிமிடம். விற்பனை வரி இல்லாத மாநிலம் என்று சொல்லி, அதற்கு முன் கடைகளில் இரண்டரை மணி நேரம் எங்களை உட்கார வைத்தார்கள்.

கேட்டதற்கு உங்கள் வழிகாட்டி சொன்னார்: "விழுந்துபோன பாறையைப் பார்க்க ஒரு மணி நேரம் எதுக்கு சார்?" பஸ்ஸில் எல்லோர் முன்னாலும் சொன்னார். இன்னும் காதில் கேட்கிறது.

2003 மே 3-ஆம் தேதி அந்த 40 அடி முகம் சரிந்தது எங்களுக்குத் தெரியும். தெரிந்துதான் வந்தோம். உங்கள் விளம்பரத்தில்தான் அது இன்னும் விழாமல் இருக்கிறது! பக்கத்து சீட்டு அம்மா இறங்கியதும் "முகம் எங்கே?" என்று தேடினார், பாவம்.

பாறை இடுக்கில் தண்ணீர் புகுந்து உறைந்து பிளக்காமலிருக்க, அந்த முகத்தைப் பராமரித்த நீல்சன் குடும்பத்தார் வருஷாவருஷம் மேலே ஏறி விரிசல்களை அடைத்தார்கள். அப்படிக் காத்த ஒன்றைப் பற்றி உங்கள் வழிகாட்டி பேசிய பேச்சு அது.

என் அப்பாவுக்கு வயது 78. நியூ ஹாம்ப்ஷயருக்காக 2000-இல் வந்த 25 சென்ட் நாணயத்தைப் பல வருஷமாக வைத்திருக்கிறார். அதில் அந்த முகமும் ஒன்பது நட்சத்திரங்களும் இருக்கும். நினைவிடத்தில், ஏரிக்கரையில் எஃகுக் கம்பங்கள் நிற்கின்றன அல்லவா? நம் உயரத்துக்கான அடையாளத்தில் நின்று பார்த்தால், கம்பத்தின் விளிம்பு மலையோடு பொருந்தி முகம் பழைய இடத்திலேயே தெரியும். அப்பா தன் உயரத்துக்கானதைத் தேடிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, நாணயத்தைக் கையில் எடுத்தார். ஹார்ன் அடித்தார்கள். திரும்பத் திரும்ப அடித்தார்கள். நாணயத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஒன்றும் பேசாமல் வந்து ஏறினார். இனி இன்னொரு விமானம் ஏறி வர அவருக்குத் தெம்பில்லை. ஒரு ஆயுளின் ஆசையைக் கெடுத்துவிட்டீர்கள்.

அப்புறம், முதல் தடவை பதிவு செய்த பயணத்தைக் காலை 6 மணிக்கு, நாங்கள் நிறுத்தத்தில் வந்து நின்ற பிறகு ரத்து செய்தீர்களே, அதையும் சொல்ல வேண்டும்.

உங்கள் பத்து சதவீதக் கூப்பன் வேண்டாம். இரண்டு டிக்கெட்டுக்கும் 318 டாலரையும் முழுதாகத் திருப்பித் தாருங்கள். விளம்பரத்தில் அந்தப் பழைய படத்தை மாற்றுங்கள். அந்த வழிகாட்டி என் அப்பாவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். தயவுசெய்து பத்து நாளுக்குள் முடித்துக் கொடுங்கள். இல்லையென்றால் கார்டு வங்கியிடமும், மாநில அட்டர்னி ஜெனரலின் நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவிடமும் போவேன். ரசீதும் பயணத் திட்டமும் பத்திரமாக இருக்கின்றன.

அப்பா அடுத்த மாதம் ஊர் திரும்புகிறார். அதற்குள் பதில் வரட்டும்.

இப்படிக்கு,
இரண்டு டிக்கெட் பதிவு செய்த பயணி