விரிசலுக்குப் பட்டிதான் பதிலா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு வீட்டுமனை இணைப்பில், புது அடுக்குமாடி வீட்டில் விரிசல் விழுந்திருப்பதாக எழுதிய வாசகிக்குத் தங்கள் நிபுணர் அருளிய பதில்: "புது வீடென்றால் விரிசல் சகஜம். இரண்டு மழைக்காலம் போகட்டும், பிறகு பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்துக்கொள்ளுங்கள்." பில்டர் அலுவலகத்தில் கேட்டிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பார்கள். அந்த அம்மாவுக்குத் தபால் செலவாவது மிஞ்சியிருக்கும்.

எந்த விரிசல் என்று நிபுணர் கேட்டாரா? பூச்சில் வலைபோல் படரும் மயிரிழைக் கீறல், பூசிய பின் சரியாகத் தண்ணீர் விட்டு ஈரம் காக்காததால் வருவது. அதற்குப் பட்டி போதும். பீமும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் நேர்கோடாக ஓடினால், பெரும்பாலும் மெஷ் (கம்பிவலை) அடிக்காமல் பூசியிருப்பார்கள். பூச்சை வெட்டியெடுத்து மெஷ் வைத்துத்தான் திரும்பப் பூச வேண்டும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகக் கிளம்பி, சுவரின் மறுபக்கமும் தெரிந்தால் அஸ்திவாரம் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். தூணின் நீளவாக்கில் துருக்கறையோடு வந்தால் உள்ளே கம்பி அரிக்கிறது. இவற்றின்மேல் பெயிண்ட் அடித்தால் கோளாறும் தீராது, கையிலிருக்கும் சாட்சியும் போய்விடும்.

'இரண்டு மழைக்காலம்' அதைவிட மோசம். நுகர்வோர் ஆணையத்துக்குப் போக 2 ஆண்டுதான் கெடு. காத்திருந்தே அதைத் தின்றுவிடலாம் போலும். 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டத்தின் 14(3) பிரிவை நிபுணர் அறியாதவராக இருக்க முடியாது. வீட்டை ஒப்படைத்த 5 ஆண்டுக்குள், கட்டமைப்புக் குறை மட்டுமல்ல, வேலைத்தரத்தில் குறை என்றாலும் சுட்டிக்காட்டினால், 30 நாளில் பில்டர் காசு வாங்காமல் சரிசெய்ய வேண்டும், தவறினால் இழப்பீடு. ஒப்பந்தத்தில் 'ஓராண்டு மட்டும்' என்று எழுதிக்கொண்டாலும் இது போய்விடாது.

சொல்வதை எழுத்தில், ஒப்புகையுடன் தபாலில் சொல்ல வேண்டும். சைட் இன்ஜினியர் வாட்ஸ்அப்பில் போடும் 'நோட்டட் சார்' போதாது. விரிசலின் இரு முனையிலும் பென்சில் கோடும் தேதியும் போட்டு, ஸ்கேல் வைத்துப் படமெடுக்க வேண்டும். குளியலறைக் கசிவென்றால் வடிகாலை அடைத்து ஓர் அங்குலத் தண்ணீரை 24 மணி நேரம் தேக்கிவிட்டு, கீழ்வீட்டுக் கூரையைப் பார்க்கலாம். தேக்கினால் மட்டும் சொட்டினால் வாட்டர்புரூஃபிங் கோளாறு. புழங்காதபோதும் சொட்டினால் தண்ணீர்க் குழாய். இந்த வித்தியாசம் மனுவில் இல்லாவிட்டால் பில்டர் 'உங்கள் பிளம்பர் வேலை' என்று கைகழுவுவார். 30 நாள் கடந்தால் ரியல் எஸ்டேட் ஆணையம். இழப்பீட்டுக்குத் தனி மனு. 8 வீட்டுக்கு மேற்படாத சிறு திட்டங்கள் அங்கே பதிவாகியிருக்காது. அவற்றில் வீடு வாங்கியவர்களுக்கு நுகர்வோர் ஆணையமே வழி.

இதற்கெல்லாம் இணைப்பில் இடமில்லை. வாஸ்துவுக்கு அரைப்பக்கம் இருக்கிறது. படிக்கட்டு, லிஃப்ட் போன்ற பொது இடங்களின் பங்கையும் சேர்த்த 'சூப்பர் பில்ட்-அப்' சதுர அடியைச் செய்தியிலேயே வீட்டளவு என்று அச்சிடுகிறீர்கள். ரியல் எஸ்டேட் சட்டம் பேசுவது கார்ப்பெட் பரப்பை, அதாவது வீட்டுக்குள் புழங்கும் தரைப்பரப்பை. பில்டர் விளம்பரத்தில் திட்டத்தின் பதிவு எண்ணைப் போட வேண்டும் என்கிறது அதன் 11(2) பிரிவு. தங்கள் முழுப்பக்க விளம்பரங்களில் அதைப் படிக்க பூதக்கண்ணாடி வேண்டும். நீச்சல்குளம் மட்டும் நன்றாகத் தெரிகிறது.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. வரும் ஞாயிறு அதே பத்தியில், அதே எழுத்தளவில், 14(3) பிரிவை நாலு வரியில் போடுங்கள். அந்த வாசகி பெயிண்ட் வாங்குவதற்குள் வந்தால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு கட்டடப் பொறியாளர்,
குரோம்பேட்டை, சென்னை